எல்லார்க்கும் விடுமுறை, அன்னைக்கு?

பண்டிகை என்ற சொல்லைக் கேட்ட அளவிலே ஓய்வின் இனிமை மனத்தில் எழுகிறது. பள்ளிக்கூடம் மூடப்படுகிறது; ஆலையின் சங்கு சில நாட்கள் ஒலிப்பதில்லை; அலுவலகக் கதவுகள் அடைபடுகின்றன. ஆனால் அந்நாட்களில் முன்னிலும் அதிகமாக இயங்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சமையலறை. பிறருக்கெல்லாம் விடுமுறை வரும்போது வேலை இரட்டிப்பது வீட்டின் அன்னைக்கே. அவள் கைக்குழந்தை ஒன்றையும் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்றையும் உடைய இளந்தாயாக இருந்து, பிறந்த ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவளாகவும் இருந்தால், அவளுடைய தீபாவளி எவ்வாறு கழிகிறது? அதை எவ்வாறு எளிதாக்கலாம்? புனே நகரை அடுத்த கசார்வாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

கசார்வாடி, புனே–லோணாவளா இருப்புப்பாதையில் தாபோடிக்கும் பிம்பரிக்கும் இடையே உள்ளது. 'காசார்' என்ற மராத்திச் சொல் வளையல் விற்போரையும் பித்தளை, வெண்கலப் பாத்திரத் தொழில் செய்வோரையும் குறிக்கும். 'வாடி' என்றால் சிற்றூர். பெயர்தான் சிற்றூர், இன்று அது பெரியதொரு தொழில் நகரத்தின் அங்கம். 1858ஆம் ஆண்டில் கண்டாலாவிலிருந்து புனே வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1954இல் பிம்பரியில் பெனிசிலின் செய்வதற்கு இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் பிறந்தபின், சுற்றுப்புறமெங்கும் ஆலைகள் பெருகின. 1982இல் பிம்பரி–சிஞ்ச்வட் மாநகராட்சி உருவாயிற்று. 2022 மார்ச் மாதத்தில் மெட்ரோ ரயிலும் கசார்வாடிக்கு வந்துவிட்டது. இத்தகைய வளர்ச்சி பல மாநில மக்களையும் அழைத்து வந்தது. நம்மவரும் வந்தனர்.

தொழில் தேடி வரும் குடும்பம் சிறிய குடும்பம். கணவன், மனைவி, குழந்தைகள், அவ்வளவே. ஊரிலே பண்டிகை வந்தால் மாமியார் பாகு பதம் பார்ப்பார். நாத்தனார் முறுக்குச் சுற்றுவாள். பாட்டி குழந்தையை மடியில் வைத்துக் கொள்வாள். அத்தை பெரியவனைக் குளிப்பாட்டுவாள். நான்கைந்து பெண்களின் கைகளில் பரவி நின்ற வேலை, இங்கே இரண்டே கைகளில் வந்து குவிகிறது. வேலை குறைந்ததா என்றால், அதுவுமில்லை. பழக்கம் மட்டும் ஊரிலிருந்து முழுமையாக நம்முடன் வந்துவிடுகிறது. உதவிக் கைகளோ ஊரிலேயே தங்கிவிடுகின்றன. குடிபெயர்ந்த குடும்பத்தின் பண்டிகைக் களைப்புக்கு இதுவே மூலகாரணம்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நமக்குத் தீபாவளி பெரும்பாலும் ஒருநாள் விழா. நரக சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, மருந்து தின்று, பட்சணம் உண்டு, 'கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று ஒருவரையொருவர் விசாரித்தால், நண்பகலுக்குள் விழாவின் முக்கியப் பகுதி முடிந்துவிடும். மராத்தியர்க்கோ அது தொடர்விழா. முதலில் வசுபாரஸ், அன்று பசுவையும் கன்றையும் பூசித்து, தாய்மார் தம் பிள்ளைகளின் நலம் வேண்டுவர். அடுத்தது தனத்திரயோதசி, மாலையில் தெற்கு நோக்கி யமதீபம் ஏற்றுவர். பின்னர் நரக சதுர்த்தசி. 'உட்டணே' என்னும் வாசனைப் பொடி பூசிக் குளித்து, 'காரீட்' என்ற சிறு கசப்புக் காயை நரகாசுரனாகப் பாவித்துக் கால் கட்டைவிரலால் நசுக்குவர். அமாவாசையன்று இலக்குமி பூசை. மறுநாள் பலிப்பிரதிபதை எனும் பாட்வா. மனைவி கணவனுக்கு ஆரத்தி எடுக்க, அவன் அவளுக்குப் பரிசளிப்பான். இறுதியில் பாவுபீஜ், உடன்பிறந்தாள் உடன்பிறந்தானுக்கு ஆரத்தி எடுக்கும் நாள்.

கசார்வாடியில் வளரும் தமிழ்க் குழந்தை இவ்விரண்டையும் கேட்கிறது. 'நம் வீட்டில் ஆகாச கந்தில் ஏன் தொங்கவில்லை? எதிர்வீட்டு முற்றத்தில் மண்கோட்டை கட்டிச் சிவாஜி மகாராஜாவை அமர்த்தியிருக்கிறார்களே, நமக்கு எப்போது?' என்று கேட்கும் பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே ஊரின் ஒருநாளும், இவ்வூரின் பல நாட்களும் சேர்ந்து அவள் தலையில் ஏறுகின்றன. பள்ளி விடுமுறையோ ஏறத்தாழ இரண்டு வாரம். அத்தனை நாளும் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும், நடுவில் தீனியும், ஓயாத கேள்விகளுக்கு விடையும் வேண்டும்.

இந்தச் சுமையை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கென நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் அவை முறையே 289, 88 நிமிடங்களாயின. ஐந்தாண்டில் பெண்ணின் பங்கு பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இவை ஆண்டு முழுவதற்குமான சராசரிக் கணக்குகள். பண்டிகை வாரத்தின் கணக்கை ஒவ்வொரு வீடும் தானே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

மராத்தியரின் இலக்குமி பூசையில் நயமான வழக்கம் ஒன்று உண்டு. அன்று புதுத் துடைப்பத்தை வாங்கி, அதனையும் இலக்குமியாகக் கருதி மஞ்சள் குங்குமம் இட்டு வணங்குவர். வீட்டைத் தூய்மையாக்கும் கருவிக்கு ஒருநாள் வணக்கம் உண்டு. அக்கருவியை ஆண்டு முழுதும் ஏந்தும் கைக்கு ஒருநாள் ஓய்வேனும் வேண்டாமா?

அதற்கு வழி, பண்டிகையைக் கைவிடுவதன்று, பங்கிடுவதே. முதலில் பட்சணத்தைப் பார்ப்போம். மராத்தியர் 'பராள்' என்று சொல்லும் தீபாவளித் தின்பண்டங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அவர்களுடைய சக்லி நம் முறுக்கின் உடன்பிறப்பு. கரஞ்சி நம் சோமாசி. சங்கர்பாளி நம் கலகலா. அனாரசே நம் அதிரசத்துக்கு நெருங்கிய உறவு. ஊறவைத்த அரிசியை இடித்து, இனிப்பைச் சேர்த்து, மாவைச் சில நாள் புளிக்க வைத்துச் சுடும் முறை இரண்டுக்கும் பொது. அவர்கள் ஒரு பக்கத்தில் கசகசா ஒட்டுவர், அவ்வளவே வேறுபாடு. எனவே ஒரே வீட்டில் எட்டு வகை செய்ய வேண்டுவதில்லை. நாம் முறுக்கும் அதிரசமும் செய்து, அடுத்த வீட்டு அம்மையார் கரஞ்சியும் சிவடாவும் செய்து, தட்டுகள் மாறினால் இரு வீட்டிலும் நால்வகை நிறையும். அண்டை வீட்டுக்குத் தட்டு அனுப்புவது இரு நாட்டாருக்கும் பழைய வழக்கம். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிச் செல்வதும் இல்லை. முன்னோர் இதனை மரியாதை என்றனர். உழைப்பைப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடாகவும் அது இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இயற்கையும் இங்கே துணை செய்கிறது. தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழைக் காலம். முறுக்கு ஒரே இரவில் நமுத்துப் போகும் என்று அஞ்சிக் கடைசி நாளில் சுடுவோம். கசார்வாடியிலோ அப்போது மழை பெரும்பாலும் ஓய்ந்து, காற்று உலர்ந்திருக்கும். பத்து நாள் முன்னதாகவே ஒவ்வொரு வகையாகச் செய்து டப்பாவில் மூடி வைக்கலாம். ஊரின் அவசரத்தை இங்கும் கடைப்பிடித்து, பண்டிகைக்கு முன்னிரவு முழுதும் கண்விழிக்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்தது கணவனின் பங்கு. பாட்வாவன்று கணவன் மனைவிக்குப் பரிசளிக்கும் வழக்கத்தைக் கண்டோம். நம் வீடுகளில் அதை ஏற்பதானால், சேலையோடு ஒருநாள் உழைப்பையும் சேர்த்து அளிக்கலாம். அன்று விடியல் முதல் இரவு வரை அடுப்பும் பாத்திரமும் குழந்தைகளும் அவன் பொறுப்பு. மண்கோட்டை கட்டுவதும் தந்தை பிள்ளைகளோடு செய்யத்தக்க வேலையே. சேறு பூசிய கைகளோடு அவர்கள் முற்றத்தில் இருக்கும் இரண்டு மணி நேரம், தாய்க்குக் கிடைக்கும் உண்மையான விடுமுறை.

கைக்குழந்தை உள்ள வீடு சிலவற்றில் கூடுதலாகக் கருத்துச் செலுத்த வேண்டும். புனே வட்டாரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தீபாவளி விடியற்காலையில் குளிர் உறைக்கும். பெரியவர்கள் இருளில் நீராடட்டும். பச்சிளங்குழந்தையை வெயில் ஏறியபின் இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டினால் எந்தச் சாத்திரமும் கெட்டுவிடாது. ஆறு மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. விருந்தினர் அன்பு மிகுதியால் இனிப்பைத் தொட்டு நாவில் வைப்பதைப் பணிவுடன் தடுக்க வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. வெடிச் சத்தமும் புகையும் எட்டாத உள்ளறையில் குழந்தை இருக்கட்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று வெடி வெடிக்க இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று நேரம் வகுத்ததும் மக்களின் உடல்நலத்தை எண்ணியே. தீப்பட்டால் மையோ, பற்பசையோ, வெண்ணெயோ தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தாயின் உடலையும் எண்ண வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வழக்கம் அவளுக்கும் குழந்தைக்கும் ஒருசேர இழப்பு. விருந்து எத்தனை பேருக்காயினும் முதற்பந்தியில் அவளுக்கும் ஓர் இலை இருக்க வேண்டும்.

உடற்களைப்பைவிட ஆழமானது உள்ளக் களைப்பு. ஊரில் எல்லாரும் கூடியிருக்கும் நாளில் நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கும் பெண்ணின் கண் கலங்குவது இயல்பே. தாயுடன் தொலைபேசியில் பேசினால் பெரும்பாலும் அது தெளிந்துவிடும். ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் துயரம் நீங்காமல், உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையிடத்திலும் நாட்டம் குறைந்தால், அதைப் 'பிடிவாதம்' என்றோ 'ஊர் ஏக்கம்' என்றோ தள்ளிவிடலாகாது. அது மருத்துவத்தால் தீரக்கூடிய நோயாக இருக்கலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவச மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம்; தமிழிலும் பேச வசதி உண்டு. மராத்தி மருத்துவரிடம் மனக்குறையைச் சொல்ல மொழி தடுமாறும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

'ஊருக்கே போய்விட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். போவது நன்றே. புனேயிலிருந்து சென்னை இருப்புப்பாதை வழியாக ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகவே முன்பதிவு தொடங்குகிறது. பண்டிகை நாட்களின் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் ஆவணியிலேயே நாள் குறித்துக் கொள்வது அறிவுடைமை. ஆனால் ஒன்று: கைக்குழந்தையோடு ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து வந்த பெண்ணை, ஊரில் உள்ளவர்கள் நேரே அடுக்களைக்கு அனுப்பிவிட்டால், அவள் இடம் மாறினாளே தவிர ஓய்வு பெறவில்லை. ஊரில் உள்ள பெரியோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஊருக்குச் செல்லாமல் கசார்வாடியிலேயே தங்கும் குடும்பம் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மராத்தியில் 1909ஆம் ஆண்டு 'மனோரஞ்சன்' இதழ் தொடங்கிவைத்த தீபாவளி மலர் மரபு இன்றும் செழித்திருக்கிறது; நம் தமிழிலும் அப்படிப்பட்ட மலர்கள் உண்டு. இரண்டையும் வாங்கி வைத்து, மராத்திப் பாடத்தைப் பள்ளியில் கற்ற பிள்ளை அன்னைக்கு ஒரு கதையை வாசித்துக் காட்ட, அன்னை தமிழில் ஒன்றை வாசித்துக் காட்டினால், அந்த மாலை இரு மொழிக்கும் திருவிழா. செலவில்லாதது, எண்ணெய்ச் சட்டி தேவையில்லாதது, தாய் உட்கார்ந்தபடியே கொண்டாடக்கூடியது.

விழாக்களை ஏற்படுத்திய முன்னோர் அவற்றைக் கூடிவாழும் குடும்பத்துக்கென்று அமைத்தனர். குடும்பம் சிறுத்த காலத்தில் விழாவின் அளவையும் வேலையின் பங்கையும் திருத்தி அமைப்பது நம் கடமை. பட்சணம் இரண்டு குறையலாம், கோலம் சிறியதாகலாம். வருங்காலத்தில் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கப் போவது எத்தனை தட்டு நிறைந்தது என்பதையன்று. விளக்கொளியில் தம் அன்னையின் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான். அந்த முகம் மலர்ந்திருக்கும்படி செய்வது வீட்டில் உள்ள அனைவரின் கையிலும் இருக்கிறது.