செங்காந்தள்: அழகும் நஞ்சும்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் வேலியோரங்களிலும் மலையடிவாரப் புதர்களிலும் மழைக்காலத்தில் படர்ந்து பூப்பது செங்காந்தள். நம் மாநில மலரான இதனைக் கார்த்திகைப்பூ என்றும், இதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் அழைக்கிறோம். குளோரியோசா என்னும் இப்பேரினத்தின் இனங்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ளன; நம் பகுதியில் வளர்வது குளோரியோசா சுபர்பா. கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

இதன் எல்லாப் பாகங்களிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அதனையே தூய்மைப்படுத்தி, மிகச் சிறிய அளவில், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாக வழங்குகிறோம். அளவு மீறினால் அது செல்கள் பிரிவதைத் தடுக்கும். எனவே விரைந்து வளரும் குடற்சுவரும் எலும்பு மஜ்ஜையும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

சர்க்கரைவள்ளி என்று தவறாக எண்ணி இக்கிழங்கை உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அடுத்த சில நாள்களில் இரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் இதயமும் செயலிழக்கக்கூடும். ஆகவே அறிகுறிகளுக்காகக் காத்திராமல், கைவைத்தியம் செய்யாமல், எஞ்சிய கிழங்கை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்ட நேரத்தையும் அளவையும் தெரிவியுங்கள்.