பழைய வீடும் புதிய ஒப்பந்தமும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதைப் பற்றி அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் வியந்ததுண்டு. கும்பகோணத்தில் என் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டைச் செப்பனிட முற்பட்டபோதுதான், அது அவ்விரண்டினும் கடினமான காரியம் என்று கண்டேன். மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் பின்னொரு நாள் ஓர் ஒப்பந்தக்காரரோடு உட்கார்ந்து பேச நேரும். ஆதலின் என் அனுபவத்தைச் சொல்லுகிறேன்.

புதுவீடாயின் வரைபடம் இருக்கும். செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று முன்கூட்டியே கணக்கிடலாம். பழைய வீடு அப்படியன்று. எங்கள் கூடத்துச் சுவரை மேஸ்திரி சுத்தியற் காம்பினால் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கெட்டியான ஓசை எழுந்தது; பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்த இடங்களில் காலிப் பானையைத் தட்டினாற்போல் ஒலித்தது. உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது கொத்திப் பார்த்த பின்னரே தெரியும். இந்நிலையில் 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று மொத்தத் தொகைக்குப் பேசினால், ஒப்பந்தக்காரர் தம் அச்சத்தையும் விலையில் ஏற்றிவிடுவார். குறைத்துப் பேசிவிட்டாரானால் வேலையில் கை வைப்பார். எனவே, வேலைக்குத் தக்கபடி சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முடிந்தபின் அளந்து பணம் தருவதே பழைய வீட்டுக்குப் பொருந்தும். பொருள் யார் வாங்குவது என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் பொருளை நானே வாங்கித் தந்தேன். இடையில் புதிதாகத் தோன்றும் வேலை எதுவாயினும், அதைத் தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டில் விலையோடு எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். உத்தரத்தில் கறையான் இருப்பது மூன்றாம் நாள் தெரிந்தபோது, அந்தக் குறிப்பேடே எங்கள் நட்பைக் காத்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்படிக்கையும் செல்லும். ஆயினும் சொன்னதை மெய்ப்பிப்பது எப்படி? எழுத்தின் பயன் அங்கேதான். வீடு கட்டும் பணி 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தினுள் வந்தது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது.

இவ்வளவு எழுதியும் ஒன்றை எழுத மறந்தேன்: அளக்கும் முறை. அதில்தான் இடறி விழுந்தேன்.

பூச்சு வேலை முடிந்தது. நான் கணக்குப் பாடம் நடத்தியவன். அளவு நாடாவைப் பிறர் கையில் கொடுக்க மனம் வருமா? ஒரு சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம்; இருபுறமும் பூசியதால் 240 சதுர அடி. நடுவில் நாலுக்கு நாலடி சன்னல். ஒரு புறத்துக்கு 16 ஆக, இருபுறத்துக்கும் 32 கழித்து 208 என்று எழுதினேன். மேஸ்திரியின் தாளில் 224 என்றிருந்தது. ஆறு சன்னல்களுக்கும் சேர்த்து 96 சதுர அடி வேற்றுமை! "வெற்றிடத்துக்கும் கூலியா? இது என்ன கணக்கு?" என்று ஆட்கள் எதிரிலேயே கடிந்து பேசிவிட்டேன். அவர் முகம் சுருங்கிற்று. "ஐயா, சன்னலின் உள்விளிம்பையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அளந்தேன். 14 அங்குலச் சுவர். சட்டம் பிடித்தது போக 11 அங்குல அகலத்துக்கு நான்கு பக்கமும் பூசியிருந்தார்கள். சுற்றளவு 16 அடி. பெருக்கினால் ஏறத்தாழ 15 சதுர அடி. மூலை பிடித்து, ஓரம் நேராக்கி, சமதளச் சுவரைவிட மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை அது. அதனை என் கணக்கு அடியோடு விழுங்கியிருந்தது. ஒரு புறத்தை மட்டும் கழித்து, மறுபுறத்தை உள்விளிம்புக்கு ஈடாக விடுவது தொழில் வழக்கம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டட அளவை விதிகளில், பூச்சு வேலை பற்றிய 12ஆம் பகுதியும் அவ்வாறே கூறுகிறது: அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவே இல்லை, அதற்குமேல் 3 சதுர மீட்டர் வரை ஒருபுறக் கழிவு, அதனினும் பெரிதாயின் இருபுறமும் கழித்து, உள்விளிம்பைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். எங்கள் சன்னல் ஒன்றரைச் சதுர மீட்டர்.

மறுநாட்காலை, ஆட்கள் அனைவரும் தேநீருக்கு அமர்ந்திருந்த வேளையில், என் கணக்கே பிழை என்று அவர்கள் கேட்கச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மை பூசியவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை. மேஸ்திரி, "விடுங்கள் ஐயா" என்றார். அன்று மாலை அவரே என்னை அழைத்து, கொல்லைப்புறச் சுவரில் ஒரு மூலை சரியாகப் பிடிக்கவில்லை என்று காட்டி, கொத்திவிட்டு மீண்டும் பூசச் செய்தார். அதனை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

நீர் ஊற்றுவது என் பொறுப்பென்று எழுதியிருந்தோம். சிமெண்டு இறுகுவது உலர்வதனால் அன்று, நீரோடு வினைபுரிவதனால். ஈரம் முன்னமே போய்விட்டால் வினை நின்று, பூச்சு பொடியாக உதிரும். நாங்கள் வாங்கியது சாம்பல் கலந்த சிமெண்டு. அதற்குப் பத்து நாளேனும் ஈரம் வேண்டும். காலையும் மாலையும் வாளியோடு நின்றேன்.

மொத்தக் கூலியில் நூற்றுக்கு ஐந்து வீதம், ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பதென்றும் பேசியிருந்தோம். ஐப்பசி மழையில் மேற்கு அறையின் மேல்மூலையில் உள்ளங்கையளவு ஈரம் கசிந்தது. சொல்லியனுப்பினேன். மறுநாளே வந்து, தளத்தோட்டின் இடுக்கைப் பிளந்து அடைத்தார். கார்த்திகை முழுதும் பெய்தும் அந்த மூலை காய்ந்தே இருந்தது. மார்கழி முதல் வாரத்தில் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் கையொப்பமிட்டோம்.