அலமாரியில் தூங்கும் மடிக்கணினியை எழுப்புவோமா?

குழந்தைகளே! உங்கள் வீட்டு அலமாரியையும் பரணையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அக்காவோ, அண்ணனோ, சித்தப்பாவோ பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் வாங்கிய மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருக்கும் உங்களில் சிலர் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கலாம். 'ரொம்ப மெதுவாக ஓடுது' என்று மூலையில் வைத்திருப்பார்கள். அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்த மடிக்கணினிகளுக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ். மற்றொன்று, பலர் திறந்தே பார்க்காத 'பாஸ் லினக்ஸ்'.

இயங்குதளம் என்றால் என்ன? நீங்கள் விசையைத் தட்டினால் எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைச் சேமிப்பது, பாட்டைப் பாட வைப்பது என்று கணினியின் எல்லா வேலைகளையும் மேற்பார்வை பார்க்கும் மென்பொருள்தான் அது. அது இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டி!

பாஸ் நம் நாட்டுத் தயாரிப்பு. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான்!

பாஸின் உள்ளே இருக்கும் கரு, லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தமது 21ஆம் வயதில் எழுதத் தொடங்கியது அது. அதற்கு முன்பே 1983இல், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 'எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இயங்குதளம் வேண்டும்' என்று 'க்னூ' திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன; உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்தார்கள். அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா?

விலையில்லாததும் கட்டற்றதும்

இவ்வகை மென்பொருளைக் 'கட்டற்ற மென்பொருள்' என்பார்கள். விலையில்லாததும் கட்டற்றதும் ஒன்றுதானே என்று கேட்கிறீர்களா? இல்லை. பக்கத்து வீட்டு அத்தை ஒரு கிண்ணம் வெங்காயச் சாம்பார் கொடுத்தால், அது விலையில்லாதது. சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அதே அத்தை விதை வெங்காயம் கொடுத்தால்? பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் கேட்டுப் பாருங்கள். அறுவடையில் ஒரு பங்கைப் பட்டறை போட்டுப் பாதுகாத்து, மறுபடி நடுவார்கள், வேண்டியவருக்கும் கொடுப்பார்கள். கட்டற்ற மென்பொருள் அந்த விதை வெங்காயம் மாதிரி. அதை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், நண்பனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். திருட்டுப் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை!

இப்போது ஏன் இந்தப் பேச்சு? விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலான பழைய கணினிகளை ஏற்பதில்லை. நல்ல நிலையில் உள்ள கணினியும் குப்பைக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. லினக்ஸிலோ பழைய கணினிகளுக்கென்றே எளிய வகைகள் உண்டு. நினைவகம் 2 ஜிபி என்றால் 'லுபுண்டு', 4 ஜிபி என்றால் 'லினக்ஸ் மின்ட்' முயன்று பார்க்கலாம்.

எப்படி மாற்றுவது?

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. முதலில் மடிக்கணினியின் சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அக்காவின் கல்லூரிப் படங்களும் சான்றிதழ்களும் அதில் இருக்கலாம். அவற்றை வேறு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். அழித்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.

2. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. கடைக்காரரிடம் காட்டுங்கள்.

3. இன்னொரு கணினியில் லினக்ஸைப் பதிவிறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். 'எட்சர்' என்ற மென்பொருள் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், கவனம்!

4. பென் டிரைவைச் செருகி, மடிக்கணினியை இயக்குங்கள். உடனே எஃப்12 போன்ற விசையைத் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

5. லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும்; உள்ளே எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, பாட்டு கேட்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். எல்லாம் சரி, வீட்டிலும் சம்மதம் என்றால் மட்டும் 'நிறுவு' என்பதை அழுத்துங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. விண்டோஸுக்கென்றே செய்த சில விளையாட்டுகளும் மென்பொருள்களும் லினக்ஸில் ஓடா. வீட்டில் யாருக்காவது அவை கட்டாயம் தேவை என்றால், இரண்டு இயங்குதளங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். பாஸ் வந்ததும் அப்படித்தானே!

பிறகு என்ன செய்யலாம்?

'டக்ஸ் பெயின்ட்'டில் படம் வரையலாம். 'ஸ்டெல்லேரியம்' மென்பொருளில் உங்கள் ஊரைக் குறித்தால், இன்றிரவு கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தின் மேல் எந்த நட்சத்திரங்கள் தெரியும் என்று பார்க்கலாம். 'லிப்ரே ஆபீஸ்' திறந்து, தமிழ்99 விசைப்பலகையில் சாத்தனூர் கல்மரத்தைப் பற்றியோ அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றியோ தமிழிலேயே கட்டுரை எழுதலாம். சந்தேகம் வந்தால், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' இதழைப் புரட்டுங்கள்.

வேலை முடிந்ததும் பென் டிரைவை மேசைக்குள் பூட்டி வைக்காதீர்கள். விதை வெங்காயம் பட்டறையிலேயே கிடந்தால் முளைக்குமா? அடுத்த தெரு நண்பன் வீட்டு மடிக்கணினியையும் எழுப்பிவிட்டு வாருங்கள்!