மௌனக் காவல்

பகை விமானத்தைத் தேடும் ராடார், தானே அலை வீசித் தன் இருப்பிடத்தையும் பகைவனுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அலை வீசாமலே விமானத்தை அறிய வழியுண்டு. 1935 பிப்ரவரி 26-ந் தேதி இங்கிலாந்தில் வாட்ஸன் வாட், வில்கின்ஸ் என்பார், பி.பி.ஸி. வானொலியின் அலைகள் விமானத்தின் மீது பட்டுத் தெறிப்பதைக் கண்டு இதை நிரூபித்தனர்.

இன்று வழிகாட்டும் செயற்கைக் கோள்கள் இரவும் பகலும் அலைகளைப் பொழிகின்றன. பேச்சிப்பாறை போன்ற மலை சூழ்ந்த இடங்களில், தரையோடு வரும் அலையை மலை தடுக்கும். உச்சிவானிலிருந்து வருவதைத் தடுக்காது. கோளுக்கும் கருவிக்கும் நடுவே விமானம் குறுக்கிட்டால் அலை மாறுபடும், அம்மாறுதலே அடையாளம். ஆயினும் அவ்வலை தரையை அடைகையில் இரைச்சலினும் மெலிந்தது. ஆகவே எட்டும் தூரம் குறைவு. பெரிய ராடாருக்கு இது ஈடாகாது, துணையாகலாம்.

எவர் கோளாயினும் பயன்படுமே என்பர் சிலர். மெய்தான், ஆனால் யுத்த காலத்தில் அதை மாற்றவும் நிறுத்தவும் உடையவனுக்கே அதிகாரம். நமது நாவிக் வரிசையின் முதற்கோள் 2013-ல் ஏறிற்று. அதன் அயல்நாட்டு அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதாயின. 2023 மே 29-ல் ஏவிய கோளில் சுதேசிக் கடிகாரம் இடம் பெற்றது. 2025 ஜனவரியில் சென்ற அடுத்த கோளோ உரிய பாதையை எட்டவில்லை.

ராக்கெட் யந்திரங்களைப் பரீக்ஷிக்கும் மகேந்திரகிரி நமது நாஞ்சில் நாட்டுக்கு அண்டையிலேயே உளது. திறமைக்குக் குறைவில்லை. குறைந்த கோள்களை விரைந்து நிரப்புவதும், இவ்வாராய்ச்சியை நமது கலாசாலைகளில் வளர்ப்பதும் சர்க்காரின் கடமை. இரவற் கண்ணால் வீடு காக்க இயலாது.