மப்பேறிய அகராதிகள்!

ஒரு மனுஷன் தண்ணி போட்டிருக்கிறான். விஷயம் அவ்வளவுதான். இதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை தெரியுமா? அமெரிக்க எழுத்தாளர் பால் டிக்சன் 2009-ல் வெளியிட்ட குடிகாரர் அகராதியில் கிட்டத்தட்ட 3,000! இத்தனையையும் யார் சேர்த்தார்கள்? எந்தக் கடையில் உட்கார்ந்து சேர்த்தார்கள்? வாங்க, கவுன்ட்டருக்குப் பின்னால் போய் ஒரு எட்டு பார்த்துவிடலாம். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை கொஞ்சம் ஈரம்.

உள்ளே நுழைந்ததும் மாட்டுகிற ஆள் யார் என்று பார்த்தால், பெஞ்சமின் ஃபிராங்க்ளின்! 100 டாலர் நோட்டில் உதட்டை இறுக்கிக்கொண்டு பார்க்கிறாரே, அதே பெரிய மனுஷன்தான். 1722-ல், பதினாறு வயதில், பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்துவிட்டார். 'சைலன்ஸ் டூகுட்' என்ற கைம்பெண் எழுதுவதாகப் பாவனை செய்து, அண்ணனின் பத்திரிகைக்கே கடிதங்களைத் தள்ளிவிட்டார். அதில் ஒன்று குடிகாரர்களைப் பற்றி. போதைக்கான வார்த்தைகளின் குட்டிப் பட்டியல் அதிலேயே உண்டு.

அந்த ருசி விடவில்லை. 1737 ஜனவரியில், ஃபிலடெல்ஃபியாவில் தன் சொந்தப் பத்திரிகையான 'பென்சில்வேனியா கெஜட்'டில் 200-க்கும் மேற்பட்ட சொற்றொடர்களை அகரவரிசைப்படி அடுக்கிவிட்டார். படித்தவர்களின் புத்தகங்களிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை, எல்லாம் மதுக்கடைப் பேச்சில் பொறுக்கியதுதான் என்று பெருமை வேறு. 'ரெண்டு நிலா பார்க்கிறான்', 'சுக்கானைத் தொலைத்துவிட்டான்', 'பார்படோஸ் போய் வந்திருக்கிறான்', 'காலைப் பலகாரத்துக்கு ஒன்றரைத் தேரை தின்றிருக்கிறான்'... பார்படோஸ் புரிகிறது, ரம் காய்ச்சுகிற தீவு. ஆனால் ஒன்றரைத் தேரை? மீதி அரையை யாருக்கு வைத்தான்?

ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும்? அதற்கும் ஃபிராங்க்ளினிடம் பதில் இருக்கிறது. மற்ற கெட்ட குணங்களுக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. கஞ்சன் தன்னைச் சிக்கனக்காரன் என்பான், ஊதாரி தன்னைத் தாராள மனசுக்காரன் என்பான். போதையோடு ஒட்டிக்கொள்ள ஒரு நற்குணம்கூட முன்வரவில்லை. அதனால்தான் பாவம், அது பார்படோஸ் வரை போக வேண்டியிருக்கிறது.

அடுத்து லண்டன். இங்கே ஃபிரான்சிஸ் குரோஸ் என்ற குண்டு கேப்டன் நோட்டும் கையுமாகத் திரிகிறார். நள்ளிரவில் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு சந்துபொந்துகளில் புகுந்து வார்த்தை வேட்டை ஆடுவாராம். பிற்பாடு அவர் அகராதியைப் பதிப்பித்த பியர்ஸ் ஈகன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். 1785-ல் வெளிவந்த அந்தக் கொச்சைமொழி அகராதியில் இரண்டு பதவிகள் உண்டு. 'குறுங்கடல்களின் அட்மிரல்' யார் தெரியுமா? போதையில் எதிரே இருப்பவர் மடியில் வாந்தி எடுப்பவர். 'வைஸ் அட்மிரல்'? மேஜைக்கு அடியில் கூட்டாளியின் காலணிக்குள் சிறுநீர் கழிப்பவர். சீனியாரிட்டிப்படி வாந்திக்குத்தான் முதல் மரியாதை.

கடற்படை வாடை இதோடு போகவில்லை. 'காற்றில் மூன்று ஷீட்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஷீட் என்றால் கப்பலின் பாய் அல்ல, பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மூன்று கயிறும் கழன்றால் பாய் படபடக்கும், கப்பல் கண்டபடி ஆடும். பாரிலிருந்து வீடு திரும்பும் சிலரின் நடையும் அதேதான்.

சரக்கையே தடை செய்தால் வார்த்தைகள் வற்றிவிடும் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. நட்ட நடுவில், 1927-ல், விமர்சகர் எட்மண்ட் வில்சன் போதைச் சொற்களைத் திரட்டி, லேசான கிறுக்கத்திலிருந்து முழு மட்டை வரை படிப்படியாக வரிசைப்படுத்தி வெளியிட்டார்! 'லிட்' என்று விளக்கேற்றித் தொடங்கும் பட்டியல், 'மெல்லிய நீலச் சுடரோடு எரிகிறான்' என்ற உச்சத்துக்குப் போகிறது. அந்த ஆள் பக்கத்தில் தயவுசெய்து யாரும் பீடி பற்ற வைக்காதீர்கள்.

இன்றைய சரக்குக்கு வருவோம். ஹேமர்டு, பிளாஸ்டர்டு, ஸ்மாஷ்டு. சுத்தியலடி, பூச்சுவேலை, நொறுக்கல் என்று எல்லாம் கட்டட கான்ட்ராக்டரிடம் கைமாற்று வாங்கியவை. ஆங்கிலத்தில் எந்தப் பொருளின் பெயரோடும் 'டு' போட்டால் போதையாகிவிடும் என்று பிரிட்டிஷ் காமெடியன் மைக்கேல் மெக்கின்டயர் மேடையில் அடித்துவிட்டார். கஸீபோடு, கார்பார்க்டு என்று உதாரணமும் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. ஜெர்மனியில் இரண்டு மொழியியலாளர்கள் மட்டும் சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்தார்கள்.

கிறிஸ்டினா சான்செஸ்-ஸ்டாக்ஹாமர், பீட்டர் ஊரிக் என்ற அந்த இருவரும் 546 போதைச் சொற்களைத் திரட்டி அலசினார்கள். அவர்கள் கண்ட முடிவு, காமெடியன் சொன்னதில் சரக்கு இருக்கிறது என்பதுதான். அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. 'டோட்டலி' மாதிரி ஒரு அழுத்தம் முன்னால், 'டு' பின்னால், நேற்றைய பார்ட்டி பற்றிய பேச்சு. நடுவில் எந்த வார்த்தையைச் செருகினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஏற்கெனவே இத்தனை நூறு கோமாளி வார்த்தைகளைக் கேட்டுப் பழகிய காது, புதிதாக வருகிற இன்னொன்றுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

புழங்கும்போது மட்டும் கொஞ்சம் உஷார். 'பிஸ்டு' என்றால் லண்டனில் போதை, நியூயார்க்கில் கோபம். லண்டன்வாசி அதையும் நேராகச் சொல்ல மாட்டார். எதுகைக்காக இரண்டு இசைமேதைகளை இழுத்து 'பிராம்ஸ் அண்ட் லிஸ்ட்' என்பார். லிஸ்டுக்கு பிஸ்டு எதுகை. சில நேரம் பாதியை விழுங்கிவிட்டு, 'அவன் பிராம்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். சிம்பொனி ரசிகன் போலிருக்கிறது என்று நாம் மரியாதையாகத் தலையாட்டுவோம்.

சட்டத்துக்கு இந்தக் கும்மாளமெல்லாம் கிடையாது. அங்கே 'டிரங்க்' என்ற ஒரே வார்த்தைதான். 1872-ம் ஆண்டின் பிரிட்டிஷ் உரிமச் சட்டப்படி, மது விற்க உரிமம் பெற்ற இடத்தில் போதையோடு இருப்பதே குற்றம். ஆமாம், பப்புக்குள்ளே போதை கூடாது! போதையில் குதிரை, மாடு, நீராவி இயந்திரம் எதையும் ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்த ஒரு வார்த்தைக்கும் இடமில்லை. சக உறுப்பினரைக் குடித்திருக்கிறார் என்று சொல்வது சபை மரபுக்கு விரோதம். பத்திரிகைகளுக்கு அவதூறு வழக்கு பயம். அதனால் 1960-களில் 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகை, அமைச்சர் ஜார்ஜ் பிரவுனுக்காகவே 'களைத்துப்போய், உணர்ச்சிவசப்பட்டிருந்தார்' என்ற பிரயோகத்தைப் பிரபலமாக்கியது. நாடே புரிந்துகொண்டு சிரித்தது.

1983 ஜூலை. இரவு நேரம். துணை அமைச்சர் ஆலன் கிளார்க் சம ஊதிய விதிகளைப் பற்றிய உரையை ஏனோதானோவென்று வேகமாக வாசித்துத் தள்ளுகிறார். எழுந்தார் கிளேர் ஷார்ட், சபைக்கு வந்து சில வாரங்களே ஆன தொழிற்கட்சி உறுப்பினர். இன்னொருவரை நிதானத்தில் இல்லை என்று இங்கே சொல்லக்கூடாது என்று தான் படித்திருப்பதாக ஆரம்பித்து, அமைச்சர் 'இன்கேப்பபிள்' என்று முடித்தார். திறனற்றவர் என்று அர்த்தம். ஆனால் தெருவில் மட்டையானவன்மேல் போலீஸ் போடும் வழக்கின் பெயரே 'டிரங்க் அண்ட் இன்கேப்பபிள்'! சபை கொந்தளித்தது, வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

பத்து வருஷம் கழித்து கிளார்க்கின் டைரி புத்தகமாக வந்தது. அன்றைக்குச் சபைக்கு வருமுன் எங்கே போயிருந்தார் என்று அவரே எழுதியிருந்தார். ஒயின் ருசி பார்க்கும் விருந்துக்கு!