வெளுக்கும் விரல், ஆறாத புண்

விரல் நுனியில் சின்னதாக ஒரு புண். நகத்தின் ஓரம் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. நம் வீடுகளில் இதற்கு உடனே வைக்கும் பெயர் நகச்சுற்று. உடனே செய்யும் வைத்தியம், எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொள்வது. சிலர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்கள். சாதாரண நகச்சுற்று பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு அந்தப் புண் வாரக்கணக்கில் ஆறுவதில்லை. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்து விரலில் இன்னொன்று கிளம்புகிறது. முள் குத்தவில்லை, அடி படவில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது.

இப்படி வருபவரிடம் வாதநோய் நிபுணர் புண்ணைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. “பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்துப்போகிறதா?” என்றும் கேட்பார். விடை பல நேரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வெள்ளை, நீலம், சிவப்பு

1862ஆம் ஆண்டு பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் தன் பட்டத்துக்கான ஆய்வேட்டில் ஒரு விநோதத்தை விவரித்தார். குளிரோ மனக்கலக்கமோ ஏற்பட்டதும் சிலரின் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுக்கின்றன, பிறகு நீலம் பாரிக்கின்றன, சூடு திரும்பும்போது சிவந்து எரிகின்றன. அவர் பெயராலேயே இது இன்றும் ‘ரேனோ’ என்று அழைக்கப்படுகிறது.

ரேனோ உள்ள பெரும்பாலோருக்கு அது வெறும் தொல்லைதான். இளம் வயதில் தொடங்கும், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், புண் வைக்காது. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் கடுமையாக இருந்தாலோ, நுனியில் புண் வந்தாலோ சந்தேகப்பட வேண்டும். பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கலாம்.

அடைபடும் வாய்க்கால்

கடைமடைப் பயிர் காய்ந்தால் விவசாயி பயிருக்கு மருந்தடிப்பதில்லை, வாய்க்காலைப் போய்ப் பார்க்கிறார். விரல் புண்ணிலும் அதே கதைதான்.

விரல்கள் உடலின் வெப்பத்தை வெளியேற்றும் ஜன்னல்கள். உடம்பு சூடேறினால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். நெஞ்சையும் வயிற்றையும் கதகதப்பாக வைக்க உடல் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான குழாய் சற்று நேரத்தில் மீண்டும் திறந்துகொள்ளும்.

நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய்களில் இந்த ஏற்பாடு கெடுகிறது. குழாயின் உட்சுவர் சேதமாகித் தடிக்கிறது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அதைச் சுருக்கும் எண்டோதீலின் கூடுகிறது. குறுகிய பாதையில் சிறு ரத்தக் கட்டிகளும் அடைக்கின்றன. நுனித் திசு பிராணவாயு இன்றிச் செத்துப் புண்ணாகிறது. ஆறத் தேவையான ரத்தமும் அதே குழாய் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் குண்டூசித் தலையளவு புண்கூட மாதக்கணக்கில் நிற்கிறது.

யாருக்கு வருகிறது?

முதலிடத்தில் இருப்பது ஸ்க்ளீரோடெர்மா எனப்படும் தோல் இறுகும் நோய். இதன் உடல் முழுதும் பரவும் வகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரேனோ இருக்கும். ஏறக்குறைய பாதிப்பேர் ஏதாவதொரு கட்டத்தில் விரல் புண்ணைச் சந்திக்கிறார்கள். பாதிக்கப்படுபவர்களில் பெண்களே அதிகம். லூபஸ், ரத்தக் குழாய் அழற்சி, ரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிபிட் நோய் ஆகியவற்றிலும் விரல் புண் வரலாம்.

தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. 1914இல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளில் பலர் கல்தச்சர்கள் என்பதைக் கவனித்தார். குளிர்ந்த உளியைப் பிடித்துப் பிடித்து வந்ததாக இருக்கும் என்று நினைத்தார். பிறகுதான் கல்லிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசியின் மீது சந்தேகம் திரும்பியது. 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் இதே தொடர்பு பதிவானது. கல் உடைக்கும் வேலையில் இருப்பவர்களிடம் இதைப் பார்த்ததாக இந்திய மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். குவாரியிலோ கல்பட்டறையிலோ வேலை செய்பவரின் விரல் வெளுத்தால், பார்க்கும் தொழிலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு வரும் பர்கர் நோயும் விரல் நுனியைக் கறுக்க வைக்கும். அது வேறு நோய். ஆனாலும் அதற்கும் ஸ்க்ளீரோடெர்மா புண்ணுக்கும் பொதுவான அறிவுரை ஒன்று உண்டு. புகையிலையை அடியோடு விட வேண்டும். ‘ஒன்றிரண்டுதான்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

நகக்கண்ணில் தெரியும் சேதி

நகம் தோலோடு சேரும் இடத்தில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் இருக்கும். கேப்பிலரோஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் அதைப் பார்க்கலாம். அந்த வரிசை சிதைந்து, சில குழாய்கள் வீங்கி, சில காணாமலே போயிருந்தால் ஸ்க்ளீரோடெர்மாவின் சாயல் தெரிகிறது என்று பொருள். வலியில்லை, ஊசியில்லை. இதோடு ஏஎன்ஏ போன்ற ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவுக்கு வருவார். நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றையும் பரிசோதிப்பார். ஸ்க்ளீரோடெர்மாவில் விரல் வெளுப்பது பல நேரம் முன்னறிவிப்பு மட்டுமே.

வாய்க்காலைத் திறக்கும் மருந்துகள்

முதலில் தருவது நிபெடிபின், அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள். ‘எனக்குத்தான் பிரஷர் இல்லையே’ என்று நோயாளிகள் நிறுத்திவிடுவதுண்டு. இங்கே அவை குழாயை விரிக்கத் தரப்படுகின்றன. தலைவலி, கணுக்கால் வீக்கம், தலைசுற்றல் வரலாம். வந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது சில்டெனாபில். வயாக்ரா என்ற பெயரில் உலகறிந்த அதே மருந்து. மருந்துக் கடையில் சீட்டை நீட்டக் கூசுகிற பெண்களும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுப் பதறுகிற கணவர்களும் உண்டு. விரல் குழாயை விரிப்பதும் அதன் வேலைதான் என்று மருத்துவர் முதலிலேயே விளக்கிவிட்டால் இந்தச் சங்கடம் இருக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது.

போசென்டான், எண்டோதீலினைத் தடுக்கும் மருந்து. பெரிய ஆய்வுகளில் இது புதுப் புண்கள் வருவதைக் குறைத்தது. இருக்கும் புண்ணை வேகமாக ஆற்றவில்லை. கல்லீரலைக் கண்காணிக்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தின்போது கூடாது. நிலைமை மோசமானால் மருத்துவமனையில் சேர்த்து இலோப்ராஸ்ட் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக, நாளுக்குச் சில மணி நேரம் என்று சில நாட்கள் ஏற்றுவார்கள்.

பிற நோய்களுக்கு வாங்கும் மருந்துகளிலும் கவனம் தேவை. ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின், மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின், சிலவகை பீட்டா பிளாக்கர் ஆகியவை விரல் குழாயை மேலும் சுருக்கக்கூடும்.

புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

காற்றாட விட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயங்களில் புதுத்தோல் இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. இன்றைய டிரெஸ்ஸிங் முறைகள் அதிலிருந்து வளர்ந்தவை. ஆனால் நுனி கருகிக் காய்ந்திருந்தால் ஈரப்படுத்தக் கூடாது. எதை மூடுவது, எதை உலர விடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்ல ஒற்றி, ஒட்டாத துணி வைத்து, ரத்த ஓட்டத்தை நெரிக்காமல் தளர்வாகக் கட்டலாம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாகத் தெரிவதை ஊசியால் நோண்டக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவது, டெட்டாலில் விரலை ஊறவைப்பது, பற்பசை பூசுவது எல்லாம் புதிதாக முளைக்கும் திசுவையும் பொசுக்கும். எலுமிச்சம்பழம் இன்னும் மோசம். அதன் புளிப்பு எரிக்கும், இறுக்கம் உள்ள கொஞ்ச ரத்தத்தையும் தடுக்கும்.

சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் கிருமி எலும்பு வரை போயிருக்கலாம். விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ சூடுபடுத்தியும் நிறம் திரும்பாவிட்டால், கறுக்கத் தொடங்கினால், வலி தாங்க முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருப்பதில் விரலே போய்விடலாம்.

ஸ்வெட்டர் கைக்கல்ல, நெஞ்சுக்கு

கையுறை மட்டும் போட்டால் போதாது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தாலே விரலுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும் என்பதால் உள்பனியனும் ஸ்வெட்டரும் விரலையும் காக்கின்றன. இது ஊட்டிக்காரர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல. சென்னை வெயிலில் வந்து ஏசி அறைக்குள் நுழையும் அலுவலருக்கும், ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுக்கும் இல்லத்தரசிக்கும், ஐஸில் கிடந்த மீனைக் கழுவுபவருக்கும் அதே விதிதான். மாவை வெளியே வைத்துக் குளிர் போனபின் கையாளலாம். பாத்திரம் தேய்க்கக் கையுறை போடலாம். பால் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டலாம். பச்சை மிளகாய் நறுக்குவதையும் புளி கரைப்பதையும் வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

விரல் வெளுத்ததும் அடுப்பில் காட்டுவதும் கொதிநீரில் முக்குவதும் ஆபத்து. மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது, கொப்பளித்த பிறகே தெரியும். அக்குளில் கையை வைத்துக்கொண்டாலே போதும்.

இன்னும் சில சங்கடங்கள் வீட்டுக்கு வெளியே காத்திருக்கின்றன. குளிர்ந்த விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தவறான அளவு காட்டலாம். செவிலியரிடம் சொன்னால் காது மடலில் பொருத்தும் கருவியைப் பயன்படுத்துவார். சர்க்கரை பார்க்க அந்த விரல்களில் குத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். தழும்பேறிய நுனிகளில் ரேகை சரியாக விழாததால் ரேஷன் கடை இயந்திரம் கையை ஏற்காமல் போகலாம். ஆதாரில் கருவிழியும் பதிவாகியிருப்பதால், கருவிழிப் பதிவில் சரிபார்க்க முடியுமா என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேட்கலாம்.