வெண்பனியும் வனமும்

ஐதராபாத் நகரின் தென்கிழக்கே அமைந்துள்ள காஞ்சன்பாக், உலோக ஆராய்ச்சிக்கும் ஏவுகணை ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்ற இடமாகும். கோடையில் அங்கு உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். அப்பகுதியில் வளரும் குழந்தைகளுக்கு வெண்பனி என்பது படத்தில் மட்டும் காணும் பொருளாக இருந்தது. 2004 ஆம் ஆண்டில் அந்நகரின் இந்திரா பூங்காவை அடுத்து ‘ஸ்னோ வேர்ல்டு’ என்னும் பனிக்கூடம் திறக்கப்பட்டபோது, குடும்பத்தோடு பனியில் சறுக்கி விளையாடும் வாய்ப்பு தக்காணத்திற்கே வந்து சேர்ந்தது.

இத்தகைய கூடங்களில், அடைத்த கட்டடத்துள் காற்றைப் பூஜ்யத்திற்குக் கீழே குளிர்வித்து, நீரைப் பனியாக்கிப் பரப்புகின்றனர். உள்ளிருந்து எடுக்கப்படும் வெப்பமும், யந்திரம் செலவிடும் மின்சக்தியும் சேர்ந்து வெப்பமாகவே வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே வெயில் ஏற ஏற மின்செலவும் ஏறும். இச்செலவை இயற்கையே ஏற்றுக்கொள்ளும் சரிவுகள் நம் நாட்டில் இமயத்தில் உள்ளன. காஷ்மீரத்தின் குல்மார்க்கும், உத்தராகண்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஔலியும் அவற்றுள் முதன்மையானவை. இவ்விரண்டும் ஊசியிலை மரக்காடுகள் சூழ்ந்த புல்வெளிகளாகும்.

வனம் செய்யும் உதவி

பனிச்சறுக்கு விளையாட்டிற்கு மரங்கள் இடையூறு என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. அடர்ந்த காட்டில் கிளைகள் பனியின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. அதிற் சிறிது தரையை அடையாமலே ஆவியாகிவிடும். மரமற்ற பெருவெளியிலோ காற்று பனியை வாரிச் செல்கிறது. வெயில் விரைவில் உருக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சிறந்தது. மரத்தின் உயரத்தை ஒத்த அகலமுள்ள சிறு இடைவெளிகளில் பனி மிகுதியாகச் சேர்வதோடு, நிழலின் உதவியால் நெடுநாள் தங்கவும் செய்கிறது. அன்றியும், மரங்கள் செங்குத்தான சரிவில் பனித்திரளைப் பிடித்து நிறுத்திப் பனிச்சரிவைத் தடுக்கின்றன. வேர்களோ மண்ணைக் காக்கின்றன.

யந்திரப் பனியின் விலை

2011 ஆம் ஆண்டில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் ஔலியில் நடைபெற்றன. அங்கே பனியை உண்டாக்கும் யந்திரங்கள் நிறுவப்பட்டன. அவற்றிற்கு நீர் வழங்கச் செயற்கை ஏரியொன்றும் அமைக்கப்பட்டது. இவ்வகை யந்திரம் நீரை நுண்துளிகளாகக் காற்றில் வீசுகிறது. துளியின் ஒரு பகுதி ஆவியாகி எஞ்சியதைக் குளிர்விக்க, அது பனித்துகளாகி விழுகிறது. ஒரு கன மீட்டர் நீரிலிருந்து ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை கன மீட்டர் பனியே கிடைக்கும். காற்று போதிய குளிர்ச்சியும் வறட்சியும் பெற்றிராவிடில் அதுவும் கிடையாது. எனவே, குளிர்காலமே வெப்பமடையும்போது யந்திரமும் கைகொடுப்பதில்லை. 2023 இல் ஔலியில் நடைபெறவிருந்த தேசியப் போட்டிகள் பனியின்மையால் கைவிடப்பட்டன. 2025 இல் குல்மார்க்கில் நடைபெறவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் இதே காரணத்தால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் வெடித்ததும் இங்கு நினைவிற்குரியது. பழைய நிலச்சரிவின் மண்ணின்மீது அமைந்த ஊர் அது. அத்தகைய மலைப்புறத்தில் மரத்தை வெட்டுவதும், சரிவை யந்திரத்தால் சமன்செய்வதும், நீரைத் தேக்குவதும் தீர ஆராய்ந்தே செய்யத்தக்கவை.

எவ்வாறு அமைக்கலாம்?

குடும்பங்கள் விளையாடுவதற்கு நெடிய ஓடுபாதை வேண்டுவதில்லை. சறுக்குக் கட்டைகளையோ பனிப்பலகையையோ முதன்முதல் அணியும் சிறுவனுக்கு 14 பாகைக்கு மேற்படாத மென்சரிவே போதும். இயற்கையாக உள்ள இடைவெளிகளைத் தேர்ந்தால் மரம் வெட்டவேண்டியதில்லை. கற்களை மட்டும் அகற்றிப் புல்லை அப்படியே விட்டால், சிறிதளவு பனியிலும் சறுக்க இயலும். உருகும் நீரும் மண்ணை அரிக்காது. போதிய கனத்திற்குப் பனி படியுமுன் சரிவைத் திறவாதிருத்தலும் நன்று. இன்றேல் கட்டைகளின் விளிம்பு புல்லின் வேரை அறுத்துவிடும்.

பனியைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனிக்குவியலை 40 சென்டிமீட்டர் கனமுள்ள மரத்தூளால் மூடிக் கோடையைக் கடத்தியபோது, ஏறத்தாழ முக்கால் பங்கு எஞ்சியது. மரத்தூள் வெப்பத்தைத் தடுப்பதோடு, அதன் ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சியும் தருகிறது.

பனிச்சரிவுகளை ஆராய 1969 ஆம் ஆண்டில் மணாலியில் நிறுவப்பெற்ற நிலையம், 2020 இல் மற்றோர் ஆய்வுக்கூடத்துடன் இணைந்து பாதுகாப்பு நிலத்தகவல் ஆராய்ச்சி நிலையமாயிற்று. காஞ்சன்பாக்கின் ஆய்வுக்கூடங்களைப் போன்றே இதுவும் பாதுகாப்பு ஆராய்ச்சி அபிவிருத்தி அமைப்பைச் சேர்ந்தது. எச்சரிவு பாதுகாப்பானது, எங்குப் பனி தங்கும் என்பன போன்ற அறிவு விளையாட்டுக்களம் அமைப்போருக்கும் பயன்படவேண்டும். தக்காணத்துச் சிறுவன் ஒருநாள் இமயத்தில் உண்மைப் பனியை மிதிக்கவேண்டுமாயின், அப்பனியைத் தாங்கும் வனம் அதுவரை நிலைத்திருத்தல் வேண்டும்.